உண்டது எங்கே போயிற்று?

ஓர் ஆள் நாளொன்றுக்கு உண்ணும் சோறு, குழம்பு, பால், பழம், பருகும் நீர் ஆகிய அனைத்தையும் தராசில் இட்டு நிறுத்தால் இரண்டு மூன்று கிலோ தேறும். ஓராண்டுக் கணக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோவை எட்டிவிடும். ஆயினும் ஆண்டு முடிவில் அவருடைய எடை பெரும்பாலும் முன்னிருந்தபடியே இருக்கிறது. அப்படியானால் உண்டது எங்கே போயிற்று?

குழந்தை கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை மாணவர்களாகிய உங்களிடம் சொல்ல விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர் பலர் இன்று ஆண்டை இரு பருவங்களாகப் பகுத்துக்கொள்கின்றனர். சில மாதங்கள் மிகுதியாக உண்டு தசையை வளர்ப்பது ஒரு பருவம். பின் சில மாதங்கள் உணவைக் குறைத்து, சேர்ந்துவிட்ட கொழுப்பை இறக்கி, வளர்ந்த தசையை வெளிக்காட்டுவது மற்றொரு பருவம். முன்னதை ‘பல்க்கிங்’ என்றும் பின்னதை ‘கட்டிங்’ என்றும் அவர்கள் வழங்குகின்றனர். முறை தன்னளவில் பிழையானதன்று. ஆனால் அதன் அடியில் பலர் மனத்தில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதும் போல, எடை கூடுவதும் குறைவதும் ஒரே கணக்குதான் என்பதே அவ்வெண்ணம். அது உண்மையா என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

முதலில் தராசைக் கையில் எடுத்தவர் இத்தாலிய மருத்துவர் சாண்டோரியோ. பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவர், பெரிய துலாக்கோலின் ஒரு முனையிலிருந்து நாற்காலியொன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தே உணவு கொண்டார். உண்பதற்கு முன்னும் பின்னும் தம் எடையைக் குறித்தார், உண்டதையும் நிறுத்தார், கழித்ததையும் நிறுத்தார். இப்படி ஆண்டுக்கணக்காகச் செய்து, 1614-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். எட்டு இராத்தல் உணவும் நீரும் உட்கொண்டால், அதில் ஐந்து இராத்தல் கண்ணுக்குப் புலப்படாத வியர்வையாக வெளியேறிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. வெளியேறியது என்ன, எப்படி வெளியேறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் இரசாயன அறிவு அக்காலத்தில் எவருக்கும் இல்லை. எனினும் உடலைப் பற்றிப் பேசவேண்டுமானால் முதலில் அளக்கவேண்டும் என்ற வழக்கத்தைத் தொடங்கிவைத்த பெருமை அவரைச் சேரும்.

புலப்படாமல் போனது எது என்று காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர். 1782-83-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கணித மேதை லாப்லாசுடன் சேர்ந்து அவர் ஒரு கருவியை அமைத்தார். சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய கலத்தின் நடுவே கினிப்பன்றி என்னும் சிறு பிராணியை வைத்தார். அதன் உடற்சூட்டினால் உருகிய பனிக்கட்டியின் நீரை நிறுத்தார். அப்பிராணி வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவையும், அதே அளவு வாயுவைத் தரும்படி கரியை எரித்தால் உண்டாகும் வெப்பத்தையும் ஒப்பிட்டார். இரண்டும் ஏறத்தாழ ஒத்து வந்தன. உயிர்ப்பது என்பது மெதுவாக எரிவதே என்ற உண்மை அன்று புலனாயிற்று. நாம் உண்டது சுவாசத்தின் வழியே, விளக்கில் எண்ணெய் எரிவது போல எரிந்து வெளியேறுகிறது. இத்தகைய மனிதரை, வரி வசூல் குத்தகையில் பங்கு கொண்டிருந்தார் என்பதற்காக, 1794 மே 8 அன்று கில்லட்டின் பொறியில் தலை துண்டித்துக் கொன்றது பிரெஞ்சுப் புரட்சி.

உடல் ஓர் அடுப்பு என்பது சரி. அந்த அடுப்பில் எரிவது எது? ஜெர்மன் இரசாயன அறிஞர் லீபிக் 1842-இல் ஒரு விடை கூறினார். தசை வேலை செய்யும்போது தன்னிடமுள்ள புரதத்தையே எரித்து வேலை செய்கிறது. ஆகவே உழைப்பவனுக்கு இறைச்சி போன்ற புரத உணவே முதன்மையானது என்றார் அவர். லீபிக்கின் சொல்லுக்கு அந்நாளில் மறுசொல் அரிது. 1865-இல் அவர் பெயரைத் தாங்கிய இறைச்சிச் சாறு கம்பெனியொன்று லண்டனில் தோன்றி, உலகெங்கும் வியாபாரம் நடத்தியது. இன்று கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் புரதத் தூள் டப்பாக்களைப் பார்க்கும்போது, பெரிய பெயர் ஒட்டிய டப்பாவுக்கு அன்றும் மதிப்பு இருந்தது என்பது நினைவுக்கு வருகிறது.

அதே 1865-ஆம் ஆண்டில்தான் அக்கொள்கைக்குச் சோதனை வந்தது. சூரிச் நகரப் பேராசிரியர்களான ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர் அதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கத் துணிந்தனர். ஆகஸ்ட் 30 அன்று, சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டு, ஃபௌல்ஹார்ன் மலையின் உச்சிக்கு நடந்தே ஏறினர். ஏறிய உயரம் 1956 மீட்டர். முதல்நாள் நண்பகலிலிருந்தே புரதமுள்ள எதையும் அவர்கள் தொடவில்லை. மாவுச்சத்தைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த பலகாரமும் சர்க்கரையுமே அவர்களுக்கு ஆகாரம். சிறுநீர் முழுவதையும் சேகரித்து, அதிலிருந்த நைட்ரஜனைக் கொண்டு உடலில் எரிந்த புரதத்தின் அளவைக் கணக்கிட்டனர்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஃபிக்கின் எடை, எடுத்துச் சென்ற பொருள்களுடன் சேர்த்து, 66 கிலோ. அதை 1956 மீட்டர் உயர்த்தினால் செய்யப்பட்ட வேலை 1,29,096 கிலோகிராம்-மீட்டர். விஸ்லிசேனஸுக்கு 76 கிலோ, வேலை 1,48,656. ஒவ்வொருவர் உடலிலும் எரிந்த புரதமோ ஏறத்தாழ 37 கிராம்தான். புரதத்தை எரித்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்பதை அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஃபிராங்க்லண்ட் என்பவர் அளந்து கூறினார். (இவர் ஃபிக்கின் சகோதரியை மணந்தவர், விஞ்ஞானத்திலும் மைத்துனர் உதவி பயன்படத்தான் செய்கிறது.) அந்த அளவின்படி, 37 கிராம் புரதம் முழுவதும் வேலையாக மாறியிருந்தாலும், மலையேறிய வேலையில் சுமார் பாதிக்குத்தான் ஈடாகும். மீதி வேலைக்கு எரிபொருள் அவர்கள் உண்ட மாவும் கொழுப்பும் சர்க்கரையுமே.

இச்சோதனையின் பொருளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இயந்திரத்தைக் கட்டும் இரும்பு வேறு. அதை ஓட்டும் நிலக்கரி வேறு. தசையைக் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். தசையை ஓட்டுவதற்கு முதன்மையாக மாவும் கொழுப்பும் வேண்டும். சோற்றை அறவே விலக்கிவிட்டுப் புரதத்தை மட்டும் விழுங்கினால் பலசாலி ஆகிவிடலாம் என்று எண்ணும் மாணவன் 1842-ஆம் ஆண்டில் நின்றுகொண்டிருக்கிறான்.

அதன்பின் அளவைகள் விரைந்து துல்லியம் பெற்றன. ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்றத் தேவையான வெப்பமே உணவுக் கணக்கில் நாம் கலோரி என்று வழங்கும் அலகு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆட்வாட்டர், ஜெர்மனியில் கற்ற முறைகளை 1890-களில் தம் நாட்டில் மேலும் வளர்த்தார். சுவர்களில் நீர்க்குழாய்கள் ஓடும் சிற்றறை ஒன்றை அமைத்து, மனிதரை நாள்கணக்கில் அதனுள் வாழச்செய்தார். சிலர் உள்ளேயே நிலையான மிதிவண்டியை மிதித்தனர். உள்ளே சென்ற உணவு, வெளிவந்த காற்று, நீர்க்குழாய் சுமந்து சென்ற வெப்பம் யாவும் அளக்கப்பட்டன. உண்டதிலிருந்து கிடைத்த ஆற்றலும் உடல் வெளியிட்ட ஆற்றலும் வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன. புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 என்று நீங்கள் பாடநூலில் காணும் எண்கள் ஆட்வாட்டரின் ஆராய்ச்சியிலிருந்து வந்தவையே. சாராயமும் உடலில் எரிந்து ஆற்றல் தருகிறது என்று அவர் கண்டதைச் சொல்லப்போக, மதுவிலக்கு இயக்கத்தாரின் கண்டனத்துக்கு ஆளானார். 1918-இல் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் எழுதிய நூல் கலோரிக் கணக்கை அமெரிக்க வீடுகளின் சமையலறைக்குள் கொண்டு சேர்த்தது.

ஆக, வரவு மிகுந்தால் எடை கூடும், செலவு மிகுந்தால் எடை குறையும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. ஆனால் கணக்குப் பிள்ளையின் பேரேடு ஒரு செய்தியைச் சொல்வதில்லை. கூடிய எடை தசையா, கொழுப்பா? குறைந்த எடை எதிலிருந்து குறைந்தது? இதற்கு விடை மிகக் கடுமையான ஒரு சோதனையிலிருந்து கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலம். ஐரோப்பாவில் பட்டினியால் நலிந்திருந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு எப்படி உணவளித்து உடல் தேற்றுவது என்பது அப்போது எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர், இதை அறிவதற்காக 36 இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் மனச்சான்றின் காரணமாகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். பிறர் பசி தீர்க்க உதவும் என்பதற்காகத் தாமே முன்வந்து பசியை ஏற்றவர்கள். 1944 நவம்பரில் சோதனை தொடங்கியது. முதல் 12 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 3200 கலோரி உணவு. அடுத்த 24 வாரம் அதில் ஏறத்தாழப் பாதி மட்டுமே. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி என இரண்டே வேளை. வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டும்.

ஆறு மாதத்தில் அவர்களுடைய சராசரி எடை 69 கிலோவிலிருந்து 53 கிலோவுக்கு இறங்கியது. இறங்கியது கொழுப்பு மட்டும் அன்று. தசையும் பெருமளவு கரைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்தது. வருமானம் சுருங்கிய குடும்பத்தலைவன் வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பது போல, உடல் தன் செலவுகளைச் சுருக்கிக்கொண்டது. அதனால்தான் நாள் செல்லச்செல்ல எடை இறங்கும் வேகம் மட்டுப்பட்டது. மனமும் மாறியது. கல்வியில் நாட்டமுடையவர்கள் நூல்களை மூடிவைத்துவிட்டுச் சமையற்குறிப்புகளைச் சேகரித்தனர், தட்டை நக்கினர், சிறு சொல்லுக்கும் சினந்தனர். தேர்வுக்குப் படிக்கும் மாணவன் உணவைப் பாதியாக வெட்டிவிட்டு, பாடம் மனத்தில் பதியவில்லை என்று வருந்துவானானால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் கேள்விக்கு நேரான விடை. உணவைக் கூட்டித் தேற்றத் தொடங்கியபோது, இழந்த கொழுப்பும் தசையும் ஒரே சீராகத் திரும்பி வரவில்லை. கொழுப்பு முந்திக்கொண்டது. 12 வாரம் கழிந்த பின்னும் தசை முழுமையாகத் திரும்பவில்லை. பின்னர் விருப்பம்போல் உண்ணவிட்டபோது, கொழுப்பு பழைய அளவையும் தாண்டிச் சென்றது. பஞ்சத்தைக் கண்ட உடல், அடுத்த பஞ்சத்துக்கு முன்கூட்டியே களஞ்சியத்தை நிரப்புகிறது எனலாம். ஏறிய படி வேறு, இறங்கிய படி வேறு! இம்முடிவுகளை கீஸும் அவர் துணைவர்களும் 1950-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர்.

மிகுதியாக உண்பவர் கதையும் இதைப் போன்றதே. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் கிளாட் பூஷார் என்பவரின் குழு, உருவொத்த இரட்டையராகப் பிறந்த 12 சோடி இளைஞரைத் தங்கவைத்து, வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி மிகையாக, மொத்தம் 84 நாள் உண்ணச்செய்தது. 1990-இல் வெளியான முடிவின்படி, அவர்களுடைய எடை சராசரியாக 8.1 கிலோ கூடியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ மட்டுமே கூட, வேறொருவருக்கு 13.3 கிலோ கூடியது. உண்டது ஒரே மிகை. விளைவு மும்மடங்கு வேறுபாடு. ஒரு தாய் வயிற்று இரட்டையர் இருவரும் பெரும்பாலும் தம்முள் ஒத்திருந்தனர் என்பதால், பிறப்பின் பங்கு எவ்வளவு பெரிது என்பது விளங்கும். தோழனுக்குப் பலித்த உணவுப் பட்டியல் தனக்குப் பலிக்கவில்லையே என்று மனம் குன்றுவோர் இதை அறியவேண்டும். கூடிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பாக இருந்தது. அவர்களுக்குக் கடும் உடற்பயிற்சி இல்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள். பயிற்சி இல்லாத மிகை உணவு தசைக்குப் போவதில்லை, இடுப்புக்குத்தான் போகிறது.

அப்படியானால் கொழுப்பைக் குறைக்கும்போது தசையைக் காக்க வழியே இல்லையா? உண்டு. கனடாவிலேயே மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அதைக் காட்டுகிறது. பருமன் மிகுந்த 40 இளைஞருக்கு நான்கு வாரம் உணவின் ஆற்றலை நூற்றுக்கு நாற்பது குறைத்தனர். வாரத்தில் ஆறு நாள் கடும்பயிற்சியும் அளித்தனர். ஒரு பாதியினருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதம், மறுபாதியினருக்கு 2.4 கிராம். முதற்குழுவினர் தசையை இழக்காமல் காத்துக்கொண்டனர். இரண்டாம் குழுவினரோ சுமார் 1.2 கிலோ தசைப்பகுதியைக் கூட்டி, 4.8 கிலோ கொழுப்பை இழந்தனர். எடை தூக்கும் பயிற்சி, தசையை விட்டுவிடாதே என்று உடலுக்கு இடும் கட்டளை. புரதம் அக்கட்டளையை நிறைவேற்றத் தேவையான பொருள். ஆனால் இவர்கள் கொழுப்பு மிகுந்தவர்கள், இத்தகைய பயிற்சிக்குப் புதியவர்கள், நாள்தோறும் கண்காணிக்கப்பட்டவர்கள். ஏற்கெனவே மெலிந்திருக்கும் ஒரு பதினேழு வயதுப் பையன் இதைப் பார்த்துத் தன் உணவை வெட்டுவது பொருந்தாது. எலும்பும் உயரமும் இன்னும் வளரும் வயதில் குறைப்புப் பருவம் என்ற ஒன்றே வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தசை வளர்க்க விரும்பும் இளைஞன் எவ்வளவு கூடுதலாக உண்ணவேண்டும் என்று கேட்பீர்கள். தசை மிக மெதுவாகக் கட்டப்படும் பொருளாகையால், இன்றைய வல்லுநர் பலர் நாளொன்றுக்கு முந்நூறு முதல் ஐந்நூறு கலோரி வரை போதும் என்பர். முந்நூறு கலோரி என்பது ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் ஒரு தம்ளர் பாலும்தான்! குறைப்பதும் அதே போலச் சிறிது சிறிதாகவே நடைபெறவேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ சட்டென்று இறங்கிவிட்டது என்று மகிழ்வோர் உண்டு. தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து முதலில் தீர்கிறது. அதனோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. இறங்கியதில் பெரும்பகுதி நீர், கொழுப்பன்று.

நீரை இறக்கி எடையைக் குறைக்கும் இந்த ஆபத்தான வழக்கம் மல்யுத்தக் களத்தில் நெடுங்காலம் இருந்துவந்தது. எடைப் பிரிவுகள் உள்ள விளையாட்டு அது. தம் எடைக்குக் கீழ்ப்பட்ட பிரிவில் போட்டியிட்டால் வெற்றி எளிது என்று கருதி, வீரர்கள் போட்டிக்கு முன் உணவையும் நீரையும் நிறுத்தி, ரப்பர் உடை அணிந்து, சூடேற்றிய அறையில் பயிற்சி செய்து வியர்வை வடிப்பர். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள், அமெரிக்கக் கல்லூரி மாணவர் மூவர் இவ்வாறு செய்யும்போதே உயிரிழந்தனர். மூவரும் நல்ல உடற்கட்டு வாய்ந்தவர்கள். நோய் எதுவும் அவர்களைக் கொண்டுபோகவில்லை. சில கிலோ எடையைச் சில மணி நேரத்தில் இறக்க முயன்றதே கொண்டுபோயிற்று.

அதன்பின் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதிகளை மாற்றியது. ரப்பர் உடையும் சூடேற்றிய அறையும் தடைசெய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரம் போட்டி நேரத்துக்கு அருகே கொண்டுவரப்பட்டது; ஆகவே முன்கூட்டி வற்றிப்போய்ப் பின் நீர் குடித்துத் தேறிக்கொள்ள இடமில்லாமற் போயிற்று. பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு மாணவனின் உடலில் நீர் போதிய அளவு இருக்கிறதா என்று சோதித்து, கொழுப்பின் அளவையும் கணித்து, அவன் எந்த எடைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை வரையறுத்துவிடுகின்றனர். அந்த எல்லைக்குள் இறங்குவதற்கும் ஒரு வேகம் உண்டு. வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல் குறைக்கலாகாது. எழுபது கிலோ எடையுள்ள மாணவனுக்கு அது ஒரு கிலோவைச் சிறிதே தாண்டும்.